முட்டாள் மரம்

நாகலூர் போகும் வழியில்
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்குகளுக்கு நடுவே
ஒரு முள்மரம்.
அதன் பேர் யூசு
என்று சொல்லிவிட்டுப் போனவள் சாயோரி.
சேலத்தில் ஏதோ இயந்திரம் பூட்ட வந்த புருஷனோடு
இரண்டு மழைக்காலம்
எங்கள் லைன் வீட்டுக்கு மேலே பங்களாவில் இருந்தாள்.
தமிழில் அவளுக்குத் தெரிந்தது மூன்று வார்த்தை:
போதும், காரம், நாளைக்கு.

கைக்குட்டையில் முடிந்து வந்த ஏழு விதையில்
ஒன்றுதான் முளைத்தது.
காய்க்க எத்தனை வருஷம் என்றேன்.
பத்து விரல் விரித்தாள், மடக்கினாள்,
மறுபடி எட்டு விரித்தாள்.
தன் ஊரில் இதை முட்டாள் மரம் என்பார்களாம்.
தலையைத் தட்டிக் காட்டித்தான் சொன்னாள்.

அவள் போனாள்.
பங்களாவுக்கு ஓனர் மாறினார், பெயிண்ட் மாறியது,
என் முந்தானையைக் கிழிப்பதை மட்டும்
மரம் மாற்றிக்கொள்ளவில்லை.
காப்பிக்கு நிழலும் இல்லை, விறகுக்கும் ஆகாது.
"வெட்டிடலாமா?" என்று ரைட்டர் பிலவேந்திரன்
வருஷத்துக்கு ஒருதரம் கேட்பார்.
நாளைக்கு, என்பேன்.

இந்தக் கார்த்திகைக் கடைசியில் பதினொரு பழம்.
அம்மைத் தழும்பு விழுந்த மஞ்சள் முகம் ஒவ்வொன்றுக்கும்.
ஒன்றைச் சந்தைக்கு எடுத்துப் போனேன்.
நார்த்தங்காயா? இல்லை.
கடாரங்காயா? இல்லை.
எலுமிச்சையா? இல்லை.
"அப்ப எதுக்கு ஆகும்?"
தட்டுக்கடைக்காரர் கத்தியில் அறுத்துப் பார்த்தோம்.
சாறு ஒரு கரண்டி,
விதை முப்பத்திரண்டு.
உரித்த தோலை அவர் தூக்கி எறிந்த பிறகுதான்
எழுந்தது வாசம்.
கமலா ஆரஞ்சுக்கும் எலுமிச்சைக்கும் சண்டை மூட்டி
நடுவில் யாரோ
காப்பிப்பூவைக் கிள்ளிப் போட்டாற்போல.
குனிந்து தோலைப் பொறுக்கினேன்.

என் அம்மியில்தான் அன்று அவள் அரைத்தாள்,
எங்கிருந்தோ பார்சலில் வந்த பழத்தை.
வெள்ளை படாமல் சீவிய தோல்,
பச்சை மிளகாய், கல்லுப்பு,
கண்ணெரிந்து
"காரம் காரம்" என்று சிரித்தபடி.
தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, பெருங்காயம் இல்லை.
ஊறுகாய்க்கு அது சம்பந்தி முறை.
அவள் மீன்மேல் துளி தொட்டுக்கொண்டாள்.
இப்போது இரண்டு பழத்தின் தோலை நானும் அரைத்தேன்,
சாமைச் சோற்றுக்கும் மோருக்கும்
அதுவே போதும் என்றிருந்தது.

அவள் கொடுத்த படம் ஒன்றும் டிரங்குப் பெட்டியில் கிடந்தது.
காலண்டர் தாளின் பின்பக்கம்:
குட்டியாய் ஒரு சூரியன், ஒரு தொட்டி, ஆவி,
மிதக்கும் வட்டங்கள்,
மூக்குவரை முங்கிய ஒரு தலை.
பகல் ரொம்பச் சின்னதாகும் நாள்.
பஞ்சாங்கத்தில் உதயமும் அஸ்தமனமும் கழித்துப் பார்த்ததில்
மார்கழி ஆறு என்று வந்தது.

அன்று அறுபது கிலோ பழம் பறித்துப் போட்ட கை.
தொட்டிக்கு எங்கே போக?
பெயிண்ட் வாளி இருந்தது.
நாலு பழம் மிதக்கவிட்டால்
செம்பு முக்க இடமில்லை.
"நீ குளிக்கிறயா, பழத்தக் குளிப்பாட்டுறயா?"
கதவுக்கு வெளியே அண்டியப்பன்.
காப்பிக் காம்பு கீறிய விரலிடுக்கெல்லாம்
சுரீர் என்றது முதலில்.
அப்புறம் தகரக் கூரைவரை அந்த வாசம்.
அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்,
நீர் ஆறும்வரை.
மிச்ச வெந்நீருக்கு அவரும் வந்தார்,
கேலி பேசிக்கொண்டே.

கீழே எலுமிச்சை விலை ஏறிவிட்டது என்று
ஜீப் மாதேஸ் ஒன்று கேட்டு வாங்கினான்.
மிளகாயோடு கோத்து
பம்பரில் கட்டிக்கொண்டு
இருபது கொண்டை ஊசியும் இறங்கிப் போனான்.
ஜப்பானில் கண்ணேறு உண்டோ என்னவோ.

வெந்து துவண்ட நாலையும் எறிய மனசில்லை.
சாம்பல் தொட்டு அண்டாவின் கரியைத் தேய்த்தேன்.
செம்பு நிறம் தெரிந்தது, பல வருஷத்துக்குப் பிறகு.

மீதி மூன்று அரிசிப் பானைமேல் இருக்கிறது.
அவற்றுக்கு என்ன என்று
அவள் வரைந்து தரவில்லை.